சமைத்து முடிப்பதற்குள் வற்றிப்போன கடல்

கொங்கண் கடற்கரையில் கூடாரம் போட்டு மூன்று நாள் குடும்பத்தோடு இருந்துவிட்டு வந்தோம் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் நாலு பேரிடம் சொல்வார். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். பட்டம் விட்டோம், கிரிக்கெட் ஆடினோம், மணலில் கோட்டை கட்டினோம், அலையில் குளித்தோம், இருட்டியதும் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்தோம் என்பார். நான் பக்கத்தில் இருந்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன். அவர் சொல்கிற அத்தனையும் நடந்தது உண்மை. அத்தனையும் நடந்தபோது நான் சவுக்கு மரத்தடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

எத்தனை வருஷம் ஆச்சு, இன்னுமா அக்கா அந்தக் கோபம் என்று என் ஓரகத்தி கேட்கிறாள். அவளும்தான் உரித்தாள். அவளுக்கு ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை. ஆறாததை ஆறிவிட்டது என்று எழுத எனக்கு வராது.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷக் கோடை விடுமுறை. நாங்கள் புனேயில் வானவடியில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்குக் கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. ஒரே மகள், அப்போது ஒன்பது வயது. என் கொழுந்தனார் ஹிஞ்சவடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, வாகடில் ஃப்ளாட் வாங்கிப் புதிதாகக் குடிபோயிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு நீளப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, எங்கள் ஹால் நடுவில் கூடாரத்தை விரித்துக் காட்டினார். சோபாவை நகர்த்த வேண்டியிருந்தது.

"அண்ணி, இது ஃபேமிலி கேம்பிங். டிவி கிடையாது, ஆபீஸ் கிடையாது. கடலும் நாமளும்தான். ஒவ்வொரு நாளும் என்னென்ன ஆக்டிவிட்டின்னு எல்லாம் ப்ளான் பண்ணிட்டேன்," என்றார்.

"சாப்பாடு?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பேன்?

"அதை அங்க போய்ப் பார்த்துக்கலாம் அண்ணி."

"போய்ப் பார்த்துக்கறதா?" என்றார் என் வீட்டுக்காரர். "புள்ளைங்களை வச்சுக்கிட்டு வெளிச் சாப்பாடெல்லாம் ஒத்துக்காது. ஒரு வாளி மாவு ஆட்டி எடுத்துக்கிட்டா ரெண்டு நாளைக்குக் கவலை இல்ல. ஸ்டவ்வும் சின்ன சிலிண்டரும் தூக்கிப் போட்டுக்கலாம்."

புனேத் தமிழர்களாகிய எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊருக்குள் இருக்கும்வரை தெருமுனையில் நின்றுகொண்டு வடாபாவ் தின்போம், மிசல் தின்போம், வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் போதும், உடனே எல்லோருக்கும் வயிறு மென்மையாகிவிடும், இட்லி இல்லாவிட்டால் உயிர் போய்விடும். மஹாபலேஷ்வருக்குப் போனால் ஊரே ஸ்ட்ராபெர்ரி தின்றுகொண்டிருக்கும், நாங்கள் ஓரமாக உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்போம். அடுக்களையைக் கூடவே தூக்கிக்கொண்டு போவதை எங்கள் ஆட்கள் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள். தூக்கிக்கொண்டு போவது யார், அங்கே போய் அதன் முன்னால் உட்காருவது யார் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

எனக்குக் கடலில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. என் மகளோடு அதில் இறங்க வேண்டும். முந்தின வருஷம் அவளை நீச்சல் வகுப்பில் சேர்த்திருந்தேன். காலையில் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவள் முடித்து வரும்வரை கம்பிவேலிக்கு வெளியே நின்றுகொண்டிருப்பேன். அங்கே சொல்லிக்கொடுத்த மராட்டிப் பெண் ஒரு நாள் என்னைப் பார்த்து, சும்மாதானே நிற்கிறீர்கள், லேடீஸ் பேட்சில் நீங்களும் சேருங்களேன் என்றாள். எனக்கே தெரியாமல் சரி என்று சொல்லிவிட்டேன். முப்பதைத் தாண்டி நாற்பதை நெருங்கும் வயதில், முழங்கால்வரை நீண்ட நீச்சல் உடையை மாட்டிக்கொண்டு, ஆழம் இல்லாத பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் உதைத்தேன். மூக்கில் தண்ணீர் ஏறித் தினமும் தலைவலி. "பயப்படாதம்மா, வயித்தை லூசா விடு, தண்ணியே உன்னைத் தூக்கும்," என்று என் மகள் பக்கத்தில் நின்று எனக்குச் சொல்லிக்கொடுப்பாள்.

"இந்த வயசுல என்னத்துக்கு இந்த வேலை?" என்றார் வீட்டுக்காரர். காதில் வாங்கவில்லை. குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நிற்காமல் நான் போய்ச் சேர்ந்த அன்றைக்கு மகள் கைதட்டினாள். அன்றைக்கே இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். அடுத்தது கடல். முதல் தடவை நீயும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவோம், யாரும் நடுவில் வரக்கூடாது. கூடாரம் ஹாலில் விரிந்தபோது அவள் என்னைத்தான் பார்த்தாள்.

இரவல் வாங்கிய டாட்டா சூமோவில் விடியற்காலையிலேயே கிளம்பினோம். நாங்கள் மூன்று பேர், கொழுந்தனாரும் ஓரகத்தியும் அவர்கள் கைக்குழந்தையும், வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் கட்கி நண்பர் ஒருவரின் குடும்பம். அந்த நண்பருக்கு இரண்டு பையன்கள். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வண்டியின் பின்பக்கம் குக்கர், இட்லிக் கொப்பரை, ஸ்டவ், சிலிண்டர், அரிவாள்மனை, பொடி டப்பாக்கள், ஃபில்டர், நடுவில் மாவு வாளி. ஆண்கள் கொண்டுவந்தது இரண்டு கூடாரம், ஒரு கிரிக்கெட் மட்டை, ஒரு கட்டுப் பட்டம்.

சித்திரை வெயிலில் மாவை மூடிக் கட்டி மலைப்பாதையில் உருட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று தெரியாதவர்கள் எங்களில் யாரும் இல்லை. தெரிந்தேதான் ஏற்றினோம். பாதி மலை இறங்குவதற்குள் மாவு பொங்கி, கட்டியிருந்த துணியைத் தள்ளிக்கொண்டு, பக்கத்தில் இருந்த பைகள்மேல் வழிந்தது. வண்டி முழுக்கப் புளிப்பு வாசனை. நிறுத்தி இறங்கிப் பார்த்தால், என் பையும் மகள் பையும் நனைந்து, நீச்சல் உடை இரண்டும் மாவில் ஊறிக் கிடக்கின்றன. மகள் அழ ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு மிஞ்சியிருக்கு? நாளைக்குக் காணுமா?" என்று கேட்டார்.

அங்கேயே எனக்குக் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. மலைப்பாதையில் என்ன சண்டை என்று வாயை மூடிக்கொண்டேன்.

நாங்கள் தங்கிய இடம் தென்னையும் பாக்குமாக ஒரு தோப்பு. அந்தப் பக்கம் அதை வாடி என்பார்கள். கோடியில் சவுக்கு மரங்கள், அதைத் தாண்டினால் மணல், அப்புறம் கடல். தோப்புக்குச் சொந்தக்கார அம்மாள் அங்கேயே ஓட்டு வீட்டில் இருந்தார். நாங்கள் இறங்கியதுமே வந்து இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, கடலில் தண்ணீர் ஏறும்போது மட்டும் இறங்குங்கள். இப்போது மதியத்துக்கு முன்னால் நன்றாக ஏறி நிற்கும். வற்ற ஆரம்பித்துவிட்டால் காலைப் பிடித்து இழுக்கும், நீந்தத் தெரிந்தவர்கள்கூட இறங்கக் கூடாது. இரண்டாவது, சாப்பாடு நான் போடுகிறேன். சோறு, ஆமட்டி என்கிற பருப்புக் குழம்பு, ஒரு பொரியல், மீன் வேண்டுமென்றால் மீன், குடிக்க சோல்கடி. வந்து தங்குகிற எல்லோரும் என்னிடம்தான் சாப்பிடுவார்கள் என்றார்.

கேட்ட தட்டு விலையும் ரொம்ப நியாயம். நானும் ஓரகத்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் என் வீட்டுக்காரர் இந்தியில் பதில் சொல்லி முடித்துவிட்டார். வேண்டாம் அம்மா, எல்லாம் கொண்டு வந்திருக்கிறோம், எங்கள் லேடீஸ் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த அம்மாள் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "மக் பாய்கா கதீ ஃபிரணார்?" என்று கேட்டார். அப்போ பொம்பளைங்க எப்போ சுத்திப் பார்ப்பாங்க என்று அர்த்தம்.

வீட்டுக்காரர் சிரித்தார். "உன்கோ யஹீ பசந்த் ஹை," என்றார். அவங்களுக்கு இதுதான் பிடிக்கும்.

எனக்குப் பிடித்தது எது என்று கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்காத மனிதர், யாரோ ஒரு அந்நியப் பெண்ணிடம், எனக்கே அவ்வளவு நன்றாகத் தெரியாத மொழியில், எனக்குப் பிடித்ததை அறிவித்துக்கொண்டிருந்தார். கட்கி நண்பர் வேறு, "வீட்டுக்காரி கை பட்டாத்தான் ருசி," என்று ஒத்து ஊதினார். அந்த அம்மாள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது ஆக்டிவிட்டி. கொழுந்தனார் நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அவர் போட்ட ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு கிளை அடுப்பு வரைக்கும் நீண்டது. பட்டம் விட்டார்கள். காற்றில் ஒன்று கிழிந்தது, ஒட்டுவதற்குச் சோற்றுப் பசை வேண்டும் என்று அந்தப் பையன்கள் ஓடிவந்தார்கள். மணல் கோட்டைப் போட்டி வைத்தார்கள். கரண்டி, கிண்ணம், இட்லித் தட்டு எல்லாம் கோட்டைக்குப் போய்விட்டன, இட்லி ஊற்றும் நேரத்தில் தட்டைத் தேடிக்கொண்டு நான் மணலில் அலைந்தேன். தண்ணீர் வற்றி மணல் கெட்டியானதும் கிரிக்கெட். கிரிக்கெட்டுக்கு நடுவில் மோர். கடலில் குளித்துவிட்டு வந்தால் பசிக்கும், அதனால் சூடாக பஜ்ஜி. சிப்பி பொறுக்கப் போனவர்கள் அதைக் கழுவ என் சாதப் பானையைக் கேட்டார்கள். இருட்டியதும் நெருப்பு மூட்டி மக்காச்சோளப் புட்டா சுடலாம் என்றார்கள், அதற்கு உப்பும் மிளகாய்ப்பொடியும் எலுமிச்சம்பழமும் யார் கலந்து வைப்பது? ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்காதாம். இவர்கள் ஆக்கவும் பொறுக்கவில்லை.

முதல் நாளே கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. கடல் ஏறி நிற்கிற நேரமும் மதியச் சமையல் நேரமும் ஒன்று. நான் சாம்பாரை இறக்கும்போது கடல் ததும்பிக்கொண்டிருக்கும். பாத்திரம் கழுவிவிட்டு நிமிர்ந்தால் அது எங்கோ தூரத்தில் போய்ப் படுத்திருக்கும், நடுவில் ஈர மணலும் நண்டு வளையும்தான் இருக்கும். கடல் வற்றிக் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்து உடல் வற்றிச் செத்த கொக்கு கதைதான். எனக்குக் கடல் வற்றுவது மட்டும் தினமும் தவறாமல் நடந்தது.

என் மகள் கிணற்றடியில் நீச்சல் உடைகளை அலசி, காயப்போட்டு, காய்ந்தும் காயாததுமாக மாட்டிக்கொண்டு என் ஸ்டவ் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பாகூடப் போயேன்," என்றேன். "நீயும் நானும்னு சொன்னேல்ல," என்றாள். அந்த நேரத்தில் துண்டு எடுக்க வந்த வீட்டுக்காரர் அவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதைப் போட்டுக்கிட்டா எல்லார் முன்னாடியும் போகப் போறா? சுடிதாரை மாட்டி விடு. காலை நனைச்சா போதும்."

"உங்க ஃப்ரெண்டு இடுப்புல துண்டோட நிக்கிறாரு. அது மட்டும் பரவாயில்லையா?"

"எதுக்கும் எதுக்கும் முடிச்சுப் போடாத," என்று சொல்லிவிட்டுத் துண்டோடு போய்விட்டார்.

நீந்தத் தெரியாத மூன்று ஆண்களும் இரண்டு பையன்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு போட்ட கூச்சல் சவுக்குத் தோப்பு வரைக்கும் கேட்டது. நீந்தத் தெரிந்த இரண்டு பேரும் ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். "நாளைக்குக் கண்டிப்பா," என்று மகளிடம் சொன்னேன். சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

இரண்டாம் நாளுக்கு நாங்கள் மூன்று பெண்களும் திட்டம் போட்டோம். விடிந்ததும் எழுந்து, மிச்ச மாவை இட்லியாக ஊற்றி, கையோடு மதியத்துக்கு எலுமிச்சம்பழச் சாதமும் தயிர்ச்சாதமும் கிளறி மூடி வைத்துவிட்டோம். காலை பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. ஓரகத்தி கைக்குழந்தைக்குப் பாலைக் கொடுத்துத் தூங்கப் போட்டாள். குழந்தைக்குப் பக்கத்தில் நான் இருக்கிறேன், எனக்கு அலை பயம், நீங்க போங்க என்றார் அக்கா. நான் கூடாரத்துக்குள் போய் உடையை மாற்றி, மேலே ஒரு நைட்டியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மகள் குதித்துக்கொண்டு முன்னால் நின்றாள். கடல் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஆண்கள் வந்தார்கள். படகுத்துறைப் பக்கம் நடக்கப் போயிருந்தார்களாம். கட்கி நண்பர் கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அது நிறைய பாங்டா மீன், நம் ஊர்க் கானாங்கெளுத்தி.

"இப்பத்தான் வலையிலேர்ந்து எடுத்தது," என்றார் என் வீட்டுக்காரர். "கையில எடுத்தா இன்னும் வழுக்குது பாரு. பாதியைக் குழம்பு வை, பாதியை வறுத்துரு. நாங்க அதுக்குள்ள ஒரு குளியல் போட்டுட்டு வந்துடறோம்."

"சாப்பாடு ரெடி. எலுமிச்சம்பழச் சாதம் கிளறியாச்சு," என்றேன்.

"கடற்கரைக்கு வந்து எலுமிச்சம்பழச் சாதமா? நல்லாருக்கே. அந்த அம்மா வீட்டுல ஃப்ரிட்ஜும் இல்ல, வச்சா கெட்டுப்போயிரும். சட்டுனு முடிச்சிரு."

கூடையை என் காலடியில் வைத்துவிட்டு ஐந்து பேரும் கடலுக்குப் போய்விட்டார்கள். போகிற போக்கில் கொழுந்தனார் மட்டும், "அண்ணி, முடிச்சுட்டு நீங்களும் வாங்க," என்றார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. முடித்துவிட்டு வர வேண்டுமாம். அது முடிகிற வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன்? நைட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தேன். மீனைக் கெட்டுப்போக விடக்கூடாது என்று நமக்குள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது. அக்கா புளியை ஊறப்போட்டார், ஓரகத்தி தேங்காயைத் துருவினாள். நான் தலையை அரிந்து, செவுளைப் பிடுங்கி, குடலை எடுத்து, உப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். கூடை குறைகிற மாதிரியே தெரியவில்லை. காக்காய் நாலு வந்து சுற்றிக்கொண்டது. மரங்களுக்கு நடுவே அலை மினுங்குவது தெரிந்தது. நான் நிமிர்ந்து பார்க்காமல் அரிந்துகொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் மகள் எதிரில் வந்து குந்தினாள். நீச்சல் உடைமேல் என் பழைய துப்பட்டாவை இடுப்பில் சுற்றியிருந்தாள், நான் நைட்டியைச் செருகியிருந்தது போலவே. கையை நீட்டி ஒரு மீனை எடுத்தாள்.

"எப்படின்னு காட்டும்மா. நானும் பண்ணினா சீக்கிரம் முடிஞ்சிரும்ல. அப்புறம் நாம போலாம்," என்றாள்.

குரலில் ஒரு சிணுங்கல் இல்லை, கோபம் இல்லை. வழி கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் கையிலிருந்து மீனைப் பிடுங்கிக் கூடையில் எறிந்தேன். அரிவாள்மனையைக் கவிழ்த்தேன். "எழுந்திரு," என்றேன். மீன் நாற்றத்தோடு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தேன். "அக்கா, மீனு?" என்று ஓரகத்தி பின்னாலிருந்து கேட்டாள். "கிடக்கட்டும்," என்றேன்.

மணலுக்கு வந்தபோது ஆண்கள் தலையைத் துவட்டிக்கொண்டு எதிரே வந்தார்கள். ஈரமணல் ஒரு பட்டையாக வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. தோப்பு அம்மாள் வேலியோரத்தில் நின்று, தண்ணீர் திரும்பிவிட்டது, இறங்காதே என்று கையை ஆட்டினார். கணுக்கால் அளவில் நின்று பார்த்தேன். அலை திரும்பிப் போகும்போது காலுக்கடியில் மணலைப் பறித்துக்கொண்டு போனது, மகள் தடுமாறி என் இடுப்பைப் பிடித்தாள். நீச்சல் கற்றுக்கொண்டதால் எனக்கு அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. இறங்க முடியாது. புருஷனிடம் சண்டை போடலாம், கடலிடம் என்ன போடுவது?

"நாளைக்குப் பார்த்துக்கலாம் விடு," என்றார் வீட்டுக்காரர், ரொம்பப் பெருந்தன்மையாக. மூன்றாம் நாள் காலையிலேயே கிளம்புகிறோம் என்று முந்தின நாள் சொன்னவரும் அவர்தான்.

நான் திரும்பி அடுப்புப் பக்கம் போகவில்லை. அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன், மகளும் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஓரகத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா மட்டும் எதற்கு வம்பு என்று மீன் கூடையைத் தோப்பு அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் புளிக்குப் பதில் கோகம் போட்டுக் குழம்பு வைத்து, ரவையில் புரட்டி வறுத்து, தன் வீட்டு முற்றத்தில் எல்லோருக்கும் இலை போட்டுவிட்டுக் கூப்பிட ஆள் அனுப்பினார். பசி பசிதான், போய்ச் சாப்பிட்டோம்.

அன்றைக்கு அவர்கள் சாப்பிட்ட சாப்பாடு! இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை சோறு வாங்கினார்கள். ஒத்துக்காத வெளிச் சாப்பாடு நன்றாகவே ஒத்துக்கொண்டது. கட்கி நண்பர் விரலை நக்கிக்கொண்டே, "என்னா ருசி! முதல் நாள்லேர்ந்தே இங்கயே சாப்பிட்டிருக்கலாம்," என்றார். வீட்டுக்காரி கை என்ன ஆனது என்று அவர் மனைவி கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நேத்தே நீ சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் இலையை மடக்கிவிட்டு எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் வெயிலுக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று கூடாரத்தைப் பிரித்தார்கள். நான் நீச்சல் உடையை மாட்டிக்கொண்டு, மேலே நைட்டியோடு, ஒரு பாத்திரத்தையும் தொடாமல் சவுக்கு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"கடல் ஏறட்டும். நானும் இவளும் குளிச்சுட்டுத்தான் வருவோம்," என்றேன்.

"அதுக்கு மதியம் ஆயிரும். எல்லாருக்கும் நாளைக்கு வேலை இருக்கு. உனக்காக ஒம்போது பேரு நிக்கணுமா?"

"ரெண்டு நாள் நான் நின்னேன். அரை நாள் நீங்க நில்லுங்க. இல்லையா, கிளம்புங்க. நாங்க பஸ்ல வந்துக்கறோம்."

எல்லோர் முன்னாலும் அப்படி நான் பேசியதில்லை. அவர் முகம் கறுத்துவிட்டது. கொழுந்தனார், "பரவாயில்லண்ணே, லேட்டாவே போலாம்," என்று மெதுவாகச் சொன்னார். வீட்டுக்காரர் போய் வண்டியின் முன்சீட்டில் ஏறிக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டார். பாத்திரங்களை ஓரகத்தியும் அக்காவும் கட்டினார்கள். காத்திருந்த நேரம் முழுக்கப் பையன்கள்கூடப் பட்டத்தை எடுக்கவில்லை.

தண்ணீர் நன்றாக ஏறியதும் நைட்டியைக் கழற்றி மரக்கிளையில் போட்டுவிட்டு, "வா," என்று மகளைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம்மா. எல்லாரும் நமக்காக வெயிட் பண்றாங்க. இன்னொரு நாளைக்கு வரலாம்," என்றாள்.

அச்சு அசலாக என் குரல். விட்டுக்கொடுக்கும்போது நான் எப்படிப் பேசுவேனோ அப்படியே. யாரிடம் கற்றாள் என்று நான் யாரைப் போய்க் கேட்பது? கடலைப் பார்த்துத் தனியாக நடந்தேன். முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறியது, ஒரு அலைக்குக் கீழே குனிந்து மறுபக்கம் எழுந்தேன், கையை வீசி நீந்தினேன். உப்பு கண்ணைக் கரித்தது. திரும்பிப் பார்த்தபோது அவள் மணலில் ஓடி வந்துகொண்டிருந்தாள். கரைக்கு வந்து அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

நன்றாக நீந்தினாள். என்னைவிட நன்றாகவே. அலை தூக்கியபோது ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தாள். அதற்குள் தோப்புப் பக்கமிருந்து வண்டியின் ஹார்ன் கேட்டது. ஒரு நீளமான ஹார்ன், கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று. "அடிக்கட்டும்டி, நீ நீந்து," என்றேன். நீந்தினாள். ஆனால் நாலு வீச்சுக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி, கண்ணில் வழிகிற தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அப்பா இன்னும் கோபமாக இருக்கிறாரா என்று கரையைப் பார்த்துக்கொண்டாள். ஒரு வருஷமாக நாங்கள் காத்திருந்த கடலில் என் மகள் இருந்த நேரம் முழுக்க வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்காக அந்த மனிதரை நான் மன்னிக்கவே இல்லை.